கையை எடுக்கும் பாடம்

டன்யூப் ஆற்றுக்குக் கிழக்கே பெஸ்ட், முழுக்கச் சமதளம். மேற்கே புடா, முழுக்க மேடு. கால் ஒத்துழைக்காத குழந்தைகளுக்கு நடக்கச் சொல்லித்தரும் நிறுவனத்தை எந்தப் பக்கம் கட்டலாம் என்று என்னைக் கேட்டிருந்தால், யோசிக்காமல் பெஸ்ட் என்றிருப்பேன். ஹங்கேரிக்காரர்கள் புடாவில், அதுவும் ஏற்றமான ஒரு தெருவில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

மெட்ரோவில் ஸேல் கால்மான் சதுக்கத்தில் இறங்கினோம். 2011 வரை அதற்கு மாஸ்கோ சதுக்கம் என்று பெயர். வயசானவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது என்றாள் கூட வந்த பெண். நாமக்கல்காரி. செம்மல்வெய்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கிறாள். பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான் என்றாலும், வார்டில் நோயாளியிடம் வயிறு வலிக்கிறதா என்று கேட்க ஹங்கேரி மொழி வேண்டும் என்பதால் அதையும் படித்திருக்கிறாள். எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வதற்காக ஒரு விடுமுறையை விட்டுக்கொடுத்து வந்தவள், வழியெல்லாம், “கண்டிப்பா அங்க பாட்டு பாடுவாங்கங்க அக்கா, எனக்குப் பாட்டை மொழிபெயர்க்கத் தெரியாது” என்று பயமுறுத்திக்கொண்டே வந்தாள்.

அக்டோபர் கடைசி. டிராம் நிறுத்தத்தருகே செஸ்ட்நட் வறுத்துக் காகிதப் பொட்டலத்தில் விற்றுக்கொண்டிருந்தார்கள். சுடச்சுட வாங்கி உரித்துத் தின்றுகொண்டே, செயின்ட் ஜான் ஆஸ்பத்திரிப் பக்கம் போய் கூட்வோல்ஜி தெருவில் ஏறினோம். மேலே போகப் போக எனக்குத்தான் மூச்சு வாங்கியது. எங்களுக்கு முன்னால் ஒரு தாத்தா, காலில் பிரேஸ் மாட்டிய பேரனைத் தூக்காமல், அவன் வேகத்துக்குத் தானும் நின்று நின்று போய்க்கொண்டிருந்தார். நாங்கள் அவர்களைத் தாண்டிப் போய்விட்டோம். கேட்டருகே நின்று பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

பலகையில் இருந்தது: செம்மல்வெய்ஸ் பல்கலைக்கழகம், ஆந்த்ராஷ் பெத்தோ புலம்.

நான் குழந்தைகளுக்கான இயன்முறை சிகிச்சையைத் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் சொல்லித்தருகிறவள். நான் படித்த பாடப்புத்தகத்தில், கை வைத்து அசைவை வழிநடத்தும் பொபாத் முறைக்கு ஒரு அத்தியாயம் இருந்தது. பெத்தோவுக்கு அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தைத்தான் வருஷா வருஷம் நானும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்: குழுவாகப் பயிற்சி, மரச்சட்டக் கட்டில், பாட்டு, எண்ணிக்கை. இரண்டு மார்க் கேள்விக்குப் போதும். ஆனால் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே தனியாக நான்கு வருஷப் பல்கலைக்கழகப் பட்டம் வைத்திருக்கும் இடம் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது பழைய ஆசை. நம் ஊரில் குழந்தைகள் பிரிவு என்பது நான்கு வருஷப் படிப்பின் கடைசிப் பக்கம் வரும் ஒரு பாடமும், சில வாரப் போஸ்டிங்கும்தான். முதுகலையில் போய்த்தான் தனிப்பிரிவு.

ஆந்த்ராஷ் பெத்தோ 1893-ல் மேற்கு ஹங்கேரியின் சொம்பத்தேய் ஊரில் பிறந்தவர். வியன்னாவில் மருத்துவம் படித்தார். அங்கே அவருடைய நண்பர்களில் ஒருவர் மொரேனோ, பின்னாளில் சைக்கோடிராமா என்ற நாடக சிகிச்சையை உருவாக்கியவர். அந்த நட்பின் சாயல் பெத்தோவின் கூடத்தில் இன்றைக்கும் தெரிகிறது என்பது என் எண்ணம். அங்கே குழந்தைகள் உடற்பயிற்சி செய்கிறார்கள் என்பதைவிட, ஒரு காட்சிக்குள் இருக்கிறார்கள் என்று சொல்வதுதான் பொருத்தம். 1938-ல் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியதும், யூதரான பெத்தோ ஹங்கேரிக்குத் திரும்பினார். போர் முடிந்த 1945-ல் சிறப்பாசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் அடித்தள அறையில், எங்கும் சேர்த்துக்கொள்ளாத குழந்தைகள் சிலரோடு வேலையைத் தொடங்கினார். அப்போது மருத்துவ மாணவியாக வந்து சேர்ந்தவர் மாரியா ஹாரி. பெத்தோ 1967-ல் இறந்த பிறகு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். பெத்தோ தன் முறையைப் பற்றி அதிகம் எழுதிவைக்கவில்லை. இன்று அந்த முறை என்று நாம் படிப்பதில் பெரும்பகுதி ஹாரி எழுதியதும் சொல்லித்தந்ததும்.

1950-ல் அந்த அடித்தள அறை, வில்லானி சாலையில் தேசிய இயக்கச் சிகிச்சை நிறுவனமாயிற்று. சுகாதார அமைச்சகத்தின் கீழ். 1963-ல் அதைத் தூக்கிக் கல்வி அமைச்சகத்தின் கீழ் வைத்து, ஆள் பயிற்றுவிக்கும் கல்லூரியாகவும் ஆக்கினார்கள். ஏதோ கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போன சமாச்சாரம் என்று நினைத்தால் தவறு. அந்த நாட்டில் மூளை முடக்குவாதம் அன்றிலிருந்து, குணப்படுத்த வேண்டிய நோய் என்ற இடத்திலிருந்து, கற்றுக்கொள்வதில் உள்ள சிக்கல் என்ற இடத்துக்கு நகர்ந்தது. அங்கே வேலை செய்கிறவர் தெரபிஸ்ட் அல்ல, ஆசிரியர் வகை. அந்தப் பதவிக்குக் கண்டக்டர் என்று பெயர். 2017-ல் இந்தக் கல்லூரியை மருத்துவப் பல்கலைக்கழகமான செம்மல்வெய்ஸோடு சேர்த்துவிட்டார்கள். ஆக, மருத்துவத்தில் பிறந்து, கல்வித்துறையில் வளர்ந்து, மறுபடி மருத்துவத்தின் குடைக்கீழ் வந்திருக்கிறது.

முன் அனுமதி வாங்கியிருந்ததால் உள்ளே விட்டார்கள். மூன்று நிபந்தனைகள்: ஓரத்தில் உட்கார வேண்டும், போட்டோ கூடாது, குழந்தைகளைத் தொடக் கூடாது. கடைசி நிபந்தனை இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

நீளமான கூடம். நாலைந்து வயசுக் குழந்தைகள். வரிசையாகக் கட்டில்கள். மெத்தை இல்லை, விரிப்பும் இல்லை. வழுவழுவென்று மெருகேற்றிய மரச்சட்டங்கள், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு குட்டிக் கை நுழையும் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் வித்தை இருக்கிறது. புரளவும் எழவும் குழந்தை எங்கே வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். வழுவழுப்பாக இருப்பதால் சறுக்கி நகரலாம். இதே கட்டில் கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு மேசையாகும், அப்புறம் படம் வரையும் மேசையாகும். நாற்காலிகளின் முதுகில் ஏணி மாதிரி குறுக்குக் கட்டைகள். உட்கார நாற்காலி, எழுந்து நிற்கப் பிடிமானம், தள்ளிக்கொண்டு போனால் நடைவண்டி. தொழில்நுட்பம் என்று கூடத்தில் இருந்தது அவ்வளவுதான். நம் ஊர்த் தச்சர் ஒருவரிடம் அளவு கொடுத்தால் வாரத்துக்குள் செய்து தந்துவிடுவார்.

என் எதிர்க் கட்டிலில் சிவப்பு சாக்ஸ் போட்ட ஒரு பெண் குழந்தை மல்லாந்து படுத்திருந்தது. கால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விறைத்திருந்தன. வலது கை பரவாயில்லை. இடது கை மூடியே இருந்தது, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் அடங்கிப் போயிருந்தது. எங்கள் துறைக்காரர்கள் யார் பார்த்தாலும் ஒரு நொடியில் எழுதிவிடக்கூடிய கேஸ். படுத்த நிலையிலிருந்து கட்டில் விளிம்பில் வந்து உட்கார வேண்டும் என்பது அன்றைய காலை வேலை.

முன்னால் நின்ற கண்டக்டர் ஒரு வாக்கியம் சொன்னார். குழந்தைகள் எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள், சொல்ல வராதவர்கள் முனகினார்கள். “நான் சட்டத்தைப் பிடிக்கிறேன்னு சொல்றாங்க அக்கா,” என்று காதருகே வந்தாள் நாமக்கல் பெண். கவனியுங்கள், ‘பிடி’ என்று கட்டளை இல்லை. ‘நான்’ என்று தொடங்குகிறது. பிறகு ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிக்கை. எட்ய், கெட்டோ, ஹாரோம்... அந்த எண்ணிக்கைக்குள் கை சட்டத்தைப் பிடித்தாக வேண்டும். சிவப்பு சாக்ஸின் வலது கை மூன்றிலேயே பிடித்துவிட்டது. இடது கை ஐந்து முடிந்தும் வரவில்லை. மறுபடி ஒரு ஐந்து. கட்டைவிரல் மட்டும் வெளியே வந்தது. இன்னொரு ஐந்து. நாலு விரல் விரிந்து, மரத்தின் மேல் படிந்து, நழுவி, மறுபடி படிந்து, பிடித்தது.

குழந்தையின் கால்மாட்டில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி மண்டியிட்டிருந்தாள். அவள் கை, குழந்தையின் குதிகாலுக்கு நாலு விரல்கடை தள்ளி, காற்றில் நின்றது. தொடவில்லை. எனக்கு உட்கார முடியவில்லை. பொபாத் வழியில் வந்தவர்களுக்கு இடுப்பிலும் தோளிலும் கை வைத்து அசைவை வழிநடத்துவதுதான் தொழிலே. இடுப்பில் ஒரு கை கொடுத்தால் அந்தக் கால் பிரிந்துவிடும், அரை நிமிஷத்தில் உட்கார வைத்துவிடலாம் என்று என் கை அரித்தது. அந்த மாணவியோ காத்திருந்தாள். கால்கள் மேலும் இறுகி, குழந்தை ஒரு பக்கமாகச் சாயப்போன கணத்தில்தான் அவள் கை குதிகாலில் போய்ப் படிந்தது. கால் தரையைத் தேடிக் கண்டுபிடித்ததும் கை திரும்பி விட்டது. எண்ணிக்கை நின்று பாட்டு தொடங்கியது. எல்லோரும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

உட்கார்ந்து, நாற்காலியைப் பிடித்து எழுந்து, தள்ளிக்கொண்டே கழிப்பறைக்குப் போய், திரும்பி வந்து, கை கழுவி, பத்து மணிப் பலகாரத்துக்கு உட்காரும்போது முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீடாக இருந்தால் அம்மா தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வந்து ஐந்து நிமிஷத்தில் முடித்திருப்பாள். அங்கே அந்த முக்கால் மணி நேரம்தான் பாடம். பலகாரம் தின்பதும் பாடம்: ரொட்டித் துண்டை வலது கை எடுக்கும்போது இடது கை மேசையின் சட்டத்தைப் பிடித்திருக்க வேண்டும். சிவப்பு சாக்ஸ் பக்கத்துப் பையனின் ரொட்டியையும் எடுத்துத் தின்றது. அதற்கு யாரும் எண்ணிக்கை சொல்லித்தரவில்லை.

மதியம் அந்த மாணவியோடும் அவளுடைய ஆசிரியையோடும் பேசக் கிடைத்தது. நான் தெரிந்துகொள்ள வந்தது இதைத்தான். எட்டு அரையாண்டுப் படிப்பில் என்னென்ன? உடற்கூறு, உடலியங்கியல், நரம்பியல் எல்லாம் நமக்கு இருப்பதுபோலவே உண்டு. அதோடு கல்வியியல், உளவியல், பாட்டு, ஓவியம், கைவேலை, பள்ளிப் பாடம் நடத்தும் முறை. படிப்பு முடிந்து வருகிறவர் மழலையர் பள்ளிக்கோ தொடக்கப் பள்ளிக்கோ ஆசிரியராகவும் தகுதி பெற்றிருப்பார். முதல் வருஷத்திலிருந்தே கூடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். புத்தகம் முடித்துவிட்டு நோயாளியிடம் போவது என்ற நம் வரிசை இங்கே இல்லை.

முதல் வருஷத்தில் போய் என்ன செய்வீர்கள், நரம்பு பற்றியே தெரியாதே என்று கேட்டேன். ஷூ மாட்டிவிடுவேன், மூக்குத் துடைப்பேன், கட்டில் நகர்த்துவேன், பார்ப்பேன் என்றாள். பார்த்ததை எழுதும் நோட்டைக் காட்டினாள். நம் மாணவர்களின் கேஸ் ஷீட்டில் மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, தசையின் பலம் ஐந்துக்கு எவ்வளவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். இவள் நோட்டில் கட்டமே இல்லை. எந்த எண்ணிக்கையில் யார் தொடங்கினார்கள், எந்தப் பக்கம், முகம் எப்படி இருந்தது, தான் எப்போது கை வைத்தோம், எப்போது எடுத்தோம் என்று பக்கம் பக்கமாக. ஓர் இடத்தில் ஆசிரியை சிவப்பு மையில் கோடு போட்டு அடித்திருந்தார். என்ன என்றேன். நாமக்கல் பெண் படித்துப் பார்த்துச் சிரித்தாள். “உதவி செய்தேன்னு எழுதியிருக்கு அக்கா. எங்க கை வெச்ச, எவ்வளவு நேரம், ஏன் அதுக்கு முன்னாடியே வெக்கல, ஏன் இன்னும் கொஞ்சம் பொறுத்து வெக்கலன்னு மேடம் கேட்டிருக்காங்க.”

இறுதித் தேர்வில் மாணவி ஒரு குழுவுக்குக் காலைப் பயிற்சி வரிசையைத் தானே தயாரித்து, தேர்வாளர்கள் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். என் கல்லூரிச் செய்முறைத் தேர்வு நினைவுக்கு வந்தது. ஒரு மேசை, மூட்டின் கோணம் அளக்க ஒரு கோனியோமீட்டர், அரை மணிக்குள் சோதித்து முடிக்க ஒரு குழந்தை. அந்தக் குழந்தை பெரும்பாலும் அழும். அழுகிற குழந்தையிடம் அனிச்சைச் செயல்களைச் சோதித்துக் காட்டி மாணவன் மார்க் வாங்குவான். அழுகையை நிறுத்தத் தெரிந்தவனுக்குத் தனியாக மார்க் கிடையாது.

நம் படிப்பு இப்படி அமைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1952-ல் பம்பாயில் போலியோ பரவியது. மறுவருஷம் 1953-ல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு அங்கே கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் பிசியோதெரபி பள்ளி தொடங்கியது. போலியோவில் தாக்கப்படுவது தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்கள். எந்தத் தசைக்கு நரம்பு போயிற்றோ அந்தத் தசை செத்துவிடும், மூளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எனவே தசை தசையாகச் சோதித்து மார்க் போடுவதும், மிச்சமிருப்பதைப் பலப்படுத்துவதும், காலிப்பர் மாட்டி நிற்க வைப்பதும் அன்றைக்குச் சரியான படிப்பு. ஹங்கேரியையும் 1950-களில் போலியோ உலுக்கியது. 1957-ல் மிக மோசம். இரண்டு நாட்டுத் துறைகளுக்கும் ஒரே காலத்து நெருக்கடி.

இயற்கை வைரஸால் வந்த போலியோவுக்கு இந்தியாவின் கடைசி நோயாளி, 2011 ஜனவரியில் ஹௌராவில் பதிவான ஒரு குழந்தை. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழும் வாங்கிவிட்டோம். இப்போது எங்களிடம் வருவது வேறு குழந்தைகள். குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் பிழைத்தவர்கள், பிறந்ததும் அழாதவர்கள், மஞ்சள் காமாலை மூளைக்கு ஏறியவர்கள். இவர்களுக்குத் தசை செத்துப்போகவில்லை, மூளையிலிருந்து வரும் ஆணைதான் குழம்பியிருக்கிறது. பிடி என்றால் முஷ்டி மூடிக்கொள்ளும், விடு என்றால் இன்னும் இறுகும். இந்தக் குழந்தைகளுக்கும் பழைய கட்டங்களையே நிரப்பிக்கொண்டிருக்கிறோம். பெத்தோ கூடத்தில் கட்டமில்லாத நோட்டைப் பார்த்தபோது எனக்கு வந்த பொறாமை இதனால்தான்.

பொறாமை இருக்கட்டும், பெத்தோ முறை பலித்ததா என்று கேட்டால் பதில் அவ்வளவு வசதியாக இல்லை. 1986-ல் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘ஸ்டாண்டிங் அப் ஃபார் ஜோ’ என்ற ஆவணப்படத்துக்குப் பிறகு, பிரிட்டிஷ் பெற்றோர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, அன்று கம்யூனிஸ்ட் நாடாக இருந்த ஹங்கேரிக்கு விமானம் ஏறினார்கள். வீட்டை அடமானம் வைத்தவர்கள் உண்டு, ஊர் கூடி உண்டியல் குலுக்கி அனுப்பிய பிள்ளைகள் உண்டு. அந்த ஆரவாரத்தின் நடுவில் பிரிட்டிஷ் அரசு பர்மிங்ஹாமில் ஓர் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. 1993-ல் வந்த அறிக்கை, பெத்தோ வழியில் பயின்ற குழந்தைகள் பிரிட்டனின் நல்ல சிறப்புப் பள்ளிக் குழந்தைகளைவிடக் கூடுதலாக முன்னேறிவிடவில்லை என்றது. 2004-ல் அமெரிக்காவின் மூளை முடக்குவாத மருத்துவ அகாதமி, கிடைத்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, ஆதரிக்கவோ மறுக்கவோ சான்று போதாது என்றது. 2013-ல் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழு எல்லாச் சிகிச்சைகளுக்கும் டிராபிக் லைட் மாதிரி நிறம் போட்டபோது, பெத்தோ முறைக்குப் பச்சை கிடைக்கவில்லை. நான் ஒரு அத்தியாயம் படித்த பொபாத் முறைக்கும் கிடைக்கவில்லை. பச்சை வாங்கியவற்றில் ஒன்று, வீட்டில் அம்மா அப்பாவே செய்யும் இலக்கு வைத்த பயிற்சித் திட்டம்.

இன்னொரு எதிர்ப்பு ஆய்வுக்கூடத்திலிருந்து வரவில்லை. சக்கர நாற்காலியில் வாழ்ந்த பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக்கேல் ஆலிவர் 1989-லேயே கடுமையாக எழுதினார். எப்பாடுபட்டாவது குழந்தையை எல்லோரையும் போல் நடக்க வைத்தே தீரவேண்டும் என்ற வெறி எதற்கு, மாற வேண்டியது குழந்தையா, சமூகமா என்பது அவர் கேள்வி. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நான் பார்த்த கூடத்தில் ஒரு சக்கர நாற்காலிகூடக் கண்ணில் படவில்லை. வெளியே வராந்தாவில் ஓரமாக மடித்து வைத்திருந்தார்கள். அந்த ஆசிரியையிடம் இதைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, முன்பெல்லாம் இதைக் கேட்டாலே கோபப்படுவோம், இப்போது எங்களுக்குள்ளேயே அந்த விவாதம் இருக்கிறது என்றார். மழுப்பவில்லை.

சாயங்காலம் வாரோஷ்மயோரில் பல்சக்கர ரயில் ஏறி ஸேசெனி மலைக்குப் போனோம். 1874-லிருந்து ஓடுகிற ரயில், இன்று நகரப் போக்குவரத்தில் அதற்கும் ஒரு டிராம் எண் கொடுத்திருக்கிறார்கள். மேலே போனால் குழந்தைகள் ரயில்வே. 1948-ல் கம்யூனிஸ்ட் அரசு போடத் தொடங்கிய குறும்பாதை, ஏறக்குறைய 11 கிலோமீட்டர் காட்டுக்குள் போகிறது. எஞ்சின் ஓட்டுவது பெரியவர்கள். டிக்கெட் கொடுப்பது, சோதிப்பது, சிக்னல் போடுவது, வண்டி கிளம்பும்போது விறைப்பாக சல்யூட் அடிப்பது எல்லாம் 10 முதல் 14 வயசுப் பிள்ளைகள். சீருடைத் தொப்பி காது வரை இறங்கிய ஒரு பையன் என் டிக்கெட்டை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, ஓட்டை போட்டுக் கொடுத்தான். “எங்க அப்பத்தாவைக் கூட்டிட்டு வந்தா, பள்ளிக்கூடம் போகாம இங்க என்னடா பண்றேன்னு கேட்டிருக்கும்,” என்றாள் நாமக்கல் பெண். காலையில் பார்த்ததும் இதுவும் ஒரே பழக்கத்திலிருந்து வந்தவை என்றுதான் எனக்குப் பட்டது. பிள்ளை மெதுவாகச் செய்தாலும் பெரியவர்கள் பிடுங்கிச் செய்வதில்லை. காட்டுக்குள் வண்டி போனபோது குளிர் எலும்பில் ஏறியது. மப்ளரைப் பகிர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பெத்தோ முறையை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. சான்று பலவீனம். தினமும் முழுநாள் குழந்தையைக் கொண்டுவந்து விட நம் தாய்மார்களுக்கு முடியாது. இரண்டு பஸ் மாறி, இடுப்பில் எட்டு வயசுப் பிள்ளையோடு, வாரத்துக்கு ஒரு தரம் வருகிறவளிடம் அரை மணி நேரம்தான் எங்களுக்குக் கிடைக்கிறது. அந்த அரை மணியையும் பிள்ளையின் காலை நாங்களே நீட்டி மடக்கித் தீர்த்துவிடுகிறோம். பெத்தோ முறைக்குச் சான்று இருக்கிறதோ இல்லையோ, அதைச் செய்கிறவரை ஹங்கேரிக்காரர்கள் உருவாக்கும் விதத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. முதல் வருஷத்திலேயே குழந்தைகளோடு இருக்க விடுவது. ஒரே குழந்தைகளை நீண்ட காலம் பார்க்க விடுவது. சாப்பாடு, கழிப்பறை, சட்டை பட்டன் எல்லாவற்றையும் பாடத்துக்குள் வைப்பது. எப்போது கை வைக்க வேண்டும் என்பதோடு எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் எழுதிக் காட்டச் சொல்வது. வீட்டில் செய்யும் பயிற்சிக்குப் பச்சை விளக்கு என்றால், அந்த அம்மாவுக்குச் சொல்லித்தரப் போகிறவனுக்கு ஒரு வீட்டின் காலை நேரம் எப்படிப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே.

நமக்கும் இப்போது வாய்ப்பு வந்திருக்கிறது. 2021-ல் வந்த துணை மருத்துவ, சுகாதாரப் பணிகளுக்கான தேசிய ஆணையச் சட்டத்தைத் தொடர்ந்து, 2025-ல் வெளியான பாடத்திட்டம் பிசியோதெரபி பட்டப்படிப்பை ஐந்து வருஷமாக ஆக்கியிருக்கிறது. பழைய ஆறு மாதப் பயிற்சிக்காலம் ஒரு வருஷமாகிறது. மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. வட்டார வள மையங்களில் மாற்றுத்திறன் குழந்தைகள் வந்து உட்காரும் அறை இருக்கிறது, பிசியோதெரபிஸ்ட் வரும் நாள் இருக்கிறது. நம் மாணவர்களை முதல் வருஷத்திலேயே வாரம் ஒரு காலை அந்த அறைக்கு அனுப்பலாம், சிகிச்சை கொடுக்க அல்ல, செருப்பு மாட்டிவிடவும் பார்த்து எழுதவும்.

ஊர் திரும்பியதும் இதை ஒரு பக்கத் தாளில் எழுதிக் கல்லூரிப் பாடக்குழுவில் வைத்தேன். யாரும் எதிர்க்கவில்லை. அட்டெண்டன்ஸ் யார் போடுவது என்று ஒருவர் கேட்டார். மூக்குத் துடைத்ததற்கெல்லாம் லாக்புக்கில் எந்தத் தலைப்பில் கையெழுத்துப் போடுவது என்று இன்னொருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஒரு தலைப்பு உண்டாக்கிவிடலாம் என்றேன். கடைசியில் ஒரு மூத்த சகா, “ஐடியா நல்லா இருக்கு மேடம். ஆனா அந்தப் பிள்ளைங்க ஒன்பதுக்கெல்லாம் வந்துருமே, நம்ம காலேஜ் பஸ் வந்து சேரவே ஒன்பதரை ஆகுது,” என்றார். பஸ் டிரைவரிடம் பேசிவிட்டேன். வாரத்தில் ஒரு நாள்தானே, எட்டரைக்குக் கொண்டுவந்து விடுகிறேன் என்கிறார், வழியில் டீக்கு நிறுத்தச் சொல்லி மாணவர்கள் கத்தாமல் இருந்தால்.